வெள்ளி அடைப்பு முப்பது ஆண்டு, வெள்ளை அடைப்பு ஐந்து ஆண்டு: இந்தக் கணக்கு சரியா?

வாசகர் கேள்வி, 8 செப்டம்பர் 2024

என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த வெள்ளை அடைப்பு ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. வீட்டில் மூத்தவர்கள் வாயில் இருக்கும் வெள்ளி அடைப்புகளோ முப்பது ஆண்டுகளைக் கடந்தும் அசையாமல் இருக்கின்றன. வெள்ளிக்கு முப்பது, வெள்ளைக்கு ஐந்து என்பதுதான் கணக்கு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பல் வெண்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆயுளை விட்டுக்கொடுத்துவிட்டோம். மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

8 செப்டம்பர் 2024, இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். லிஸ்பனில் 8 முதல் 12 வயது வரையிலான 472 பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட 1,748 அடைப்புகளை ஏழு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. யாருக்கு அமால்கம் (வெள்ளி அடைப்பு), யாருக்குக் காம்போசிட் (பிசினால் ஆன வெள்ளை அடைப்பு) என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள் என்பதால் அதை நம்பிப் பேசலாம். முடிவில் அமால்கம் அடைப்புகளில் 94.4 விழுக்காடும் காம்போசிட் அடைப்புகளில் 85.5 விழுக்காடும் நிலைத்திருந்தன. இடைவெளிக்கு முதன்மைக் காரணம் அடைப்பின் ஓரத்தில் மறுபடியும் தோன்றிய சொத்தை. காம்போசிட்டில் அந்த அபாயம் மூன்றரை மடங்காக இருந்தது.

ஆகவே வெள்ளி முந்தியது உண்மை. ஆனால் ஏழாண்டு கழித்தும் நூற்றுக்கு எண்பத்தைந்து நிற்கும் ஒன்றுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று எழுதுவது, உங்கள் ஒரு பல்லை ஊரார் பல்லுக்கெல்லாம் அளவுகோலாக்குவதாகும். எனக்கு வெள்ளியின் மீது பகை ஏதும் இல்லை. என் இடப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில், 17 வயதில் வைத்த வெள்ளி அடைப்பு 31 ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

9 செப்டம்பர் 2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மூத்தவர்கள் வாயில் நீங்கள் பார்ப்பவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. பத்தாம் ஆண்டிலேயே பல்லைப் பிளந்துகொண்டு போன வெள்ளி அடைப்பு, பல்லோடு சேர்ந்து வாயைவிட்டே போயிருக்கும். அதை எண்ணுவதற்கு அங்கே யாரும் இல்லை. அந்த மூத்தவர்களிடம் எத்தனை பற்களை எடுத்தார்கள் என்றும், எடுத்தவற்றில் எத்தனை முன்பு அடைத்தவை என்றும் கேட்டுப் பாருங்கள்.

11 செப்டம்பர் 2024

எண் கேட்கிறீர்கள். கடைவாய்ப் பக்கக் காம்போசிட் அடைப்புகளைப் பற்றிய பல நீண்டகால ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுத் தோல்வி வீதம் ஐந்தாண்டு அளவில் 1.8 விழுக்காடு, பத்தாண்டு அளவில் 2.4 விழுக்காடு என்று வந்தது. ஏறத்தாழ இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றில் இரண்டு போனால் ஐம்பது ஆண்டில் எல்லாம் தீர்ந்துவிடும். சராசரி ஆயுள் 25 ஆண்டு.

12 செப்டம்பர் 2024

மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களும் பிழை. அவற்றை அழிக்காமல் விட்டுவைக்கிறேன்; பள்ளிக் கணக்கில் நான் எப்படித் தேறினேன் என்று பலரும் வியக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் போவது அந்த ஆண்டின் தொடக்கத்தில் மிஞ்சியிருப்பவற்றில் இரண்டு விழுக்காடுதான். அப்படிப் பெருக்கினால் பத்தாண்டு கழித்து நூற்றில் 82, இருபதாண்டு கழித்து 67 நிற்கும். பாதியாகக் குறைய 34 ஆண்டு ஆகும். வீதம் மாறாமலே இருக்கும் என்ற எடுகோளின் மேல் கட்டிய கணக்கு இது. ஆனாலும் வெறும் காகிதக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. மூன்று வகைக் காம்போசிட்களை முப்பது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட அடைப்புகள் நிலைத்திருந்தன. அந்தக் காலத்துப் பொருள் அது. ஒட்டும் முறையும் இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

ஆனால் அத்தகைய ஆய்வுகளில் அடைத்தவர்கள் அவசரமில்லாத, கைதேர்ந்த மருத்துவர்கள். வந்து அமர்ந்தவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் வந்தவர்கள். அன்றாட மருத்துவமனையில் காத்திருக்கும் வரிசைக்கு நடுவே வைக்கப்படும் அடைப்புக்கு அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

14 செப்டம்பர் 2024

சராசரி என்ற சொல்லையே இந்த இழையிலிருந்து விலக்கினால் நல்லது என்று தோன்றுகிறது. 2014ஆம் ஆண்டின் அதே ஆய்வில், சொத்தை விழும் வாய்ப்புக் குறைந்தவர்களிடம் பத்தாண்டு அளவிலான ஆண்டுத் தோல்வி வீதம் 1.6 ஆகவும், வாய்ப்பு மிகுந்தவர்களிடம் 4.6 ஆகவும் இருந்தது. என் பெருக்கலை இதன்மேல் போட்டால் முதல் வகையினருக்குப் பத்தாண்டில் நூற்றுக்கு 85 மிஞ்சும், இரண்டாம் வகையினருக்கு 62தான் மிஞ்சும். பொருள் ஒன்றுதான், வாய்தான் வேறு. மேலும் அடைப்பு பல்லின் எத்தனை பக்கங்களைத் தொடுகிறதோ, ஒவ்வொரு கூடுதல் பக்கத்துக்கும் தோல்வி வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு வரை உயர்கிறது. மேல்பரப்பில் மட்டும் இருக்கும் சிறு குழியையும், முன்பக்கம், மேற்பக்கம், பின்பக்கம் என்று மூன்றையும் தொடும் பெரிய அடைப்பையும் ஒரே பெயரால் அழைப்பதே குழப்பத்தின் தொடக்கம்.

கேள்வி கேட்டவரே, உங்கள் அடைப்பு எத்தனை பக்கம்?

15 செப்டம்பர் 2024

மூன்று பக்கம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு பல்லுக்கு நடுவே அடிக்கடி ஏதோ சிக்கிக்கொள்ளும் என்றும் சொல்கிறார். அப்படியானால் வெள்ளையா வெள்ளியா என்பதற்கு முன்பே பேச வேண்டியது அந்த இடுக்கு. பக்கத்துப் பல்லோடு அடைப்பு இறுக்கமாகத் தொடும்படி அமையவில்லை என்றால் மெல்லும்போதெல்லாம் உணவு கீழிறங்கித் தங்கும். தூரிகை எட்டாத இடம் அது. அமால்கத்தை அழுத்தித் திணிக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டிய மெல்லிய உலோகப் பட்டை வெளியே தள்ளப்பட்டு, பக்கத்துப் பல்லோடு தானாகவே நெருங்கும். காம்போசிட் அப்படித் தள்ளாது. வளைந்த பட்டையும் ஆப்பும் விரிக்கும் வளையமும் வைத்து அந்த நெருக்கத்தைத் தனியாக உண்டாக்க வேண்டும்.

20 செப்டம்பர் 2024

கையின் பங்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நீளும்.

அமால்கம் பல்லில் ஒட்டுவதில்லை. எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமும், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளும் சேர்ந்த அந்தக் குழைவு, வாய் குறுகி உள்ளே அகன்ற குழியில் திணிக்கப்பட்டு இறுகிச் சிக்கிக்கொள்கிறது. சற்று ஈரம் பட்டாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். நாளாவட்டத்தில் அதன் ஓரம் அரிமானம் அடைந்து, அந்தக் களிம்பே பல்லுக்கும் உலோகத்துக்கும் இடையிலான நூலிழை இடைவெளியை நிரப்பிவிடும். குறையே காவலாக மாறும் அரிய பொருள்களில் அதுவும் ஒன்று.

காம்போசிட்டின் வாழ்வு முழுவதும் ஒட்டில் இருக்கிறது. பல்லின் கடினமான வெளிப்பூச்சான பற்சிப்பியின் மேல் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று மைக்கேல் புவனோகோர் காட்டியது 1955இல். ரஃபேல் போவென் இன்றும் புழங்கும் பிசினுக்குக் காப்புரிமை பெற்றது 1962இல். பற்சிப்பியில் அந்த ஒட்டு உறுதியானது. அதன் கீழே இருக்கும் டென்டின் ஈரமானது, நார்ப்புரதம் நிறைந்தது. அங்கே பிசினும் நாரும் பின்னிய மெல்லிய அடுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல நீரால் நைந்துபோகும். ஒட்டும் வேளையில் ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் அந்த இடம் முதல் நாளிலேயே தோற்றுவிட்டது. நமக்குத் தெரிய வருவதற்குத்தான் மூன்றாண்டு ஆகும். போதாக்குறைக்குக் காம்போசிட் இறுகும்போது இரண்டு மூன்று விழுக்காடு சுருங்கும். ஆகவேதான் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் நீல ஒளி காட்டுகிறார்கள். விளக்கின் முனை விலகியிருந்தாலும் சாய்ந்திருந்தாலும் ஈறோரத்து அடியடுக்கு அரைவேக்காடாக நின்றுவிடும். மேலே தட்டிப் பார்த்தால் கல்லாக இருக்கும்.

பல்லைச் சுற்றி ரப்பர் திரை விரித்து உமிழ்நீரைத் தடுக்கும் முறையை சான்ஃபோர்ட் பார்னம் 1864இல் கொண்டுவந்தார். நூற்றறுபது ஆண்டுகள் ஆன பின்னும் பல இடங்களில் பஞ்சுச் சுருளோடுதான் வேலை நடக்கிறது.

என் அனுபவம்: மேல்தாடை முன்கடைவாய்ப் பல் ஒன்றில் பஞ்சுச் சுருள் வைத்துக் கால் மணி நேரத்தில் அடைத்தார்கள்; நடுவில் நான் இருமுறை வாயை மூடி விழுங்கினேன். மூன்றாம் ஆண்டில் அது கழன்று கையோடு வந்தது. அதே பல்லில் அடுத்த மருத்துவர் ரப்பர் திரை கட்டி ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை.

21 செப்டம்பர் 2024

நேற்றைய கடைசிப் பத்தியை எழுதிவிட்டுப் படுத்தபோது உறுத்தியது. அந்த இரண்டு அடைப்புகளுக்கும் நடுவே மாறியது ரப்பர் திரை மட்டும் அல்ல. முதல் அடைப்பின் காலத்தில் வேலை மேசையில் இனிப்பான பானத்தை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடைப்பின்போது அந்தப் பழக்கம் போய்விட்டது. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த படலத்தில் அமிலம் ஏறி, அமில அளவைக் காட்டும் பி.ஹெச். எண் (குறையக் குறைய அமிலம் மிகுதி) 5.5க்குக் கீழே இறங்கினால் பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கிறது. ஒரே மூச்சில் குடித்தவனுக்கு ஒரு சரிவு, நாள் முழுவதும் உறிஞ்சியவனுக்கு நாள் முழுவதும் சரிவு. எனவே அந்த ஒன்பது ஆண்டுக்கான புகழை மருத்துவரின் கைக்கும் என் காலி மேசைக்கும் எப்படிப் பங்கிடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

23 செப்டம்பர் 2024

எந்த நிறுவனத்தின் பொருள் நல்லது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஓரளவு தேறிய பொருள்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டைவிட இரண்டு வாய்களுக்கிடையே இருக்கும் வேறுபாடு பெரிது.

2 அக்டோபர் 2024

உமிழ்நீரை ஒட்டுக்கு எதிரியாகவே எழுதிவிட்டேன். அடைத்து முடித்த கணத்திலிருந்து அதுதான் நண்பன். மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் மருந்துகள் சிலவற்றாலும், தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றதாலும் வாய் வறண்டவர்களுக்கு எந்த அடைப்பும் நெடுநாள் நிற்பது கடினம். அவர்களுக்கும், ஈறு இறங்கி வேர்ப்பக்கத்தில் சொத்தை விழுந்த முதியவர்களுக்கும் கிளாஸ் அயனோமர் என்ற மூன்றாவது வகையைப் பெரும்பாலும் வைக்கிறார்கள். அது பல்லோடு வேதிமுறையில் பிணைந்து ஃபுளோரைடைக் கசியவிடும். மெல்லும் பரப்பில் வைத்தால் தேய்ந்துவிடும். ஒரே பொருளுக்கு ஈறோரத்தில் ஒரு பெயர், கடைவாய் மேட்டில் வேறு பெயர்.

17 அக்டோபர் 2024

இரவில் பல் நறநறப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கே நேர்ந்தது என்பதால் சொல்கிறேன். வலப்பக்க வெள்ளை அடைப்பு ஒன்று இரண்டு முறை ஒரே இடத்தில் பெயர்ந்தது. இரண்டு முறையும் பொருளைத்தான் பழித்தேன். மூன்றாம் முறை மருத்துவர் அடைப்பைப் பார்க்காமல் எதிர்ப்பல்லின் முகட்டைப் பார்த்தார். அது கண்ணாடிபோல் தேய்ந்து தட்டையாகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போ என்று எனக்குச் சிறுவயதில் சொன்ன அறிவுரையை நான் உறக்கத்திலும் கடைப்பிடித்து வந்திருக்கிறேன். இரவில் மாட்டும் தடுப்புத் தகடு வந்த பிறகு அந்த இடம் பெயரவில்லை. எத்தனை இரவு அதை உண்மையில் மாட்டினேன் என்று கேட்க வேண்டாம்.

19 அக்டோபர் 2024

உலகிலேயே நெடுநாள் நின்ற அடைப்பு எது என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தார். ஸ்லோவேனியாவில் கிடைத்த, ஏறத்தாழ 6,500 ஆண்டுகள் பழைய தாடை ஒன்றின் விரிசல் விட்ட கோரைப்பல்லில் தேன்மெழுகு இருந்ததாக 2012இல் அறிவித்தார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது வைத்ததா, இறக்கும் தறுவாயிலோ இறந்த பிறகோ வைத்ததா என்பது உறுதியாகவில்லை. இறந்த பிறகு வைத்ததென்றால் அதன் ஆயுளில் வியப்பில்லை. உரிமையாளர் அதை வைத்து ஒரு வேளைகூட மென்றிருக்க மாட்டார்.

6 ஜனவரி 2025

கேள்வியின் மற்றொரு பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். வெள்ளியைக் கைவிட்டது நிறத்துக்காக மட்டும் அல்ல. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இம்மாதம் முதல் தேதியிலிருந்து, மருத்துவ நோக்கில் கட்டாயம் தேவைப்படும் நேர்வுகள் நீங்கலாக, அமால்கத்தை நிறுத்தியிருக்கிறது. அந்தத் தடைக்குக் காரணம் பாதரசம் சூழலில் கலப்பதே அன்றி, அடைப்பு சீக்கிரம் விழுகிறது என்பதல்ல. எனவே உங்கள் வாதத்துக்கு இதில் ஆதரவும் இல்லை, மறுப்பும் இல்லை.

மறுப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அமால்கம் சிக்கி நிற்கக் குழிக்கு ஆழமும் உள்வெட்டும் வேண்டும். அதற்காகச் சொத்தை இல்லாத பல்லையும் குடைய வேண்டும். பிற்காலத்தில் சொத்தை வரக்கூடிய பள்ளங்களையும் முன்கூட்டியே சேர்த்து வெட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் வகுத்த நெறி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கோலோச்சியது. அப்படிக் குடைந்த பல்லில் அடைப்பு நிற்கும், சுவர் மெலியும், ஒரு நாள் முகடு பிளந்து விழும். அடைப்பின் ஆயுளையும் பல்லின் ஆயுளையும் இந்த இழையில் நான் உட்பட எல்லோரும் ஒன்றாகவே பேசிவந்திருக்கிறோம்.

3 மார்ச் 2025

ஒரு தன்னிலை விளக்கம் தர வேண்டியிருக்கிறது. பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது 2003ஆம் ஆண்டின் சிகிச்சைச் சீட்டு ஒன்று கிடைத்தது. இடப்பக்கக் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல், பழைய அமால்கம் அகற்றி மீண்டும் அமால்கம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. முதல் நாள் இரவு இங்கே நான் பெருமையடித்த 31 ஆண்டு அடைப்பு என்ற ஒன்று இல்லை. பத்தாண்டு இருந்தது ஒன்று, 21 ஆண்டு இருப்பது மற்றொன்று. அந்த நாற்காலியில் நானே அமர்ந்திருந்தும் அது எனக்கு நினைவில்லை. மூத்தவர்களின் முப்பது ஆண்டுக் கணக்கை நீங்கள் எப்படித் திரட்டினீர்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

4 மார்ச் 2025

அது ஏன் அகற்றப்பட்டது என்று இரவெல்லாம் யோசித்தேன். வலி இல்லை, கூச்சம் இல்லை. அந்த ஆண்டுதான் வேறு மருத்துவரிடம் மாறியிருந்தேன். ஓரம் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் மருத்துவரை மாற்றுகிறவர்களுக்கு மறு அடைப்பு விரைவில் நேர்கிறது என்பது இங்கிலாந்து, வேல்ஸ் பொது மருத்துவப் பதிவேடுகளை அலசியபோது கண்ட செய்தி. அடைப்பு தானாக உடைந்து விழுவது ஒரு வகைச் சாவு. பார்க்கிறவர் தீர்ப்பெழுதுவது இன்னொரு வகை. ஆய்வுகளின் தோல்விப் பட்டியலில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. ஓரத்துக் கறை சொத்தை ஆகாது, ஓரத்துப் பள்ளமும் தன்னளவில் சொத்தை ஆகாது. ஆனால் சந்தேகம் வந்தவர் கையில் சுழலும் கருவி இருக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி சற்றே பெரிதாகும். ஒரு பக்கம் இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு உறை, பிறகு வேர் சிகிச்சை. 14 செப்டம்பர் குறிப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 முதல் 40 விழுக்காடு என்று எழுதியதை இதோடு சேர்த்துப் படித்தால், அடுத்தடுத்த அடைப்பு முந்தையதைவிடக் குறைந்த ஆயுளோடுதான் பிறக்கிறது என்பது புரியும்.

இதற்கு நேர்மாறாகவும் தவறு செய்யலாம் என்பதையும் எழுதிவிடுகிறேன். வலிக்கும்வரை போகாமல் இருந்தால், அடைப்பின் அடியில் சத்தமில்லாமல் ஊர்ந்த சொத்தை, பல்லின் நடுவே நரம்பு இருக்கும் பற்கூழை எட்டிய பிறகுதான் தெரியும். பல்லிடுக்குச் சொத்தைக்கு எக்ஸ்ரே இல்லாமல் மாற்றவும் வேண்டாம், எக்ஸ்ரே இல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம்.

5 மார்ச் 2025

“அப்படியானால் என்னுடையதை மாற்றலாமா, கூடாதா?” என்று கேட்டவர் பொறுமையிழந்து கேட்கிறார். ஆறு மாதமாக உடைந்த பல்லோடு இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தீர்களா? முதலில் போய்க் காட்டுங்கள். பெயர்ந்த ஓரத்தை மட்டும் சுரண்டி, புதிய காம்போசிட்டை அங்கே ஒட்டிச் செப்பனிட முடியுமா என்று கேளுங்கள். அடியில் சொத்தை இல்லையென்றால் பெரும்பாலும் முடியும். முழுவதையும் எடுக்க வேண்டும் என்றால் காரணத்தை எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் திரை கட்டுவாரா என்றும் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்.

28 மார்ச் 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார். அடியில் சொத்தை இல்லை; பெயர்ந்த மூலையை மட்டும் செப்பனிட்டார்கள்; முழு வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்தது. இடுக்கில் சிக்குவது நின்றுவிட்டதாம். எதிர்ப்பல் தேய்ந்திருப்பதாகச் சொல்லி இரவுத் தகட்டுக்கு அளவெடுத்திருக்கிறார்கள் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்.

29 மார்ச் 2025

என் 2003ஆம் ஆண்டு வெள்ளி அடைப்பைச் சென்ற வாரம் காட்டினேன். ஓரத்தில் பள்ளம் இருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மெருகேற்றி விட்டுவிட்டார்கள். இந்த முறை தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.